நாற்பத்திரண்டாம் அளவு

இப்போதெல்லாம் பகலில் கண்ணை மூடினால் அவன் ஓடுவது தெரிகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் கிடக்கும் அரைமணி நேரம் அது. தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. வேலூர் வெயிலில் கல்லூரி மைதானம் வெளுத்துக் கிடக்கிறது. சுண்ணாம்புக் கோடுகள் தண்ணீர்போல நெளிகின்றன. மைதானத்துக்கு அப்பால் மொட்டைப் பாறை மலை. அவன் ஒவ்வொரு தடையாகத் தாண்டி வருகிறான். ஏழாவது தடைக்கு மேலே இருக்கும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தின் பக்கம் தலையைத் திருப்பி ஒரு சல்யூட் வைக்கிறான். பிறகு தரைக்கு வர வெகு நேரம் எடுத்துக்கொள்கிறான்.

உண்மையிலும் அப்படித்தான் நடந்தது. சல்யூட் வைத்தவன் எட்டாவது தடையில் இடித்து விழுந்தான். எழுந்து ஓடி மூன்றாவதாக வந்தான். முதலில் வந்தவனுக்குக் கிடைத்ததைவிட அவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் விசிலைக் கையில் சுழற்றிக்கொண்டே அவனைத் துரத்தினார்.

"ஓட வந்தியா, கூத்தாட வந்தியாடா?"

"ரெண்டுக்கும்தான் சார். டிக்கெட் ஒண்ணுதான்."

நான் அவனுக்கு இரண்டு வருடம் மூத்தவன். வேதியியல் மாணவன். ஓட்டத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் குறிப்பது. அவன் ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவான். மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்கிற குடும்பம். கல்லூரிக்கு வரும்வரை செருப்பில்லாமல் ஓடியவன். முதன்முதலாக முள் வைத்த ஷூவைக் கொடுத்தபோது அதைப் போட்டுக்கொண்டு பத்தடி நடந்துவிட்டு, "சீனியர், வலது காலு சுண்டு விரலுக்குப் பக்கத்துல ஒரு தையல் தூக்கிக்கினு இருக்குது" என்றான். கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஷூவைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு முடிச்சு, கடுகளவு, இருந்தது.

சீனியர் என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த சொல்லிலேயே நீ என்பான். சாகும்வரை அப்படித்தான்.

போன வருடம் அவன் இறந்த பிறகு, பழைய மாணவர்கள் கூடிக் கொண்டுவந்த மலருக்கு அவனைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். சல்யூட் கதையை எழுதினேன். பரிசு வாங்கிய நாளெல்லாம் ஆற்காடு போய் மக்கன் பேடா வாங்கிவந்து, தோற்கடித்த பையன்களுக்கே முதலில் ஊட்டிவிடுவான் என்பதை எழுதினேன். எல்லோரும் படித்துச் சிரித்ததாகச் சொன்னார்கள். அந்தக் கட்டுரையில் நான் எழுதாத ஒன்று உண்டு. அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அது போனதில் எனக்குப் பங்கு உண்டு. அதை இங்கே எழுதுகிறேன்.

படிப்பு முடிந்ததும் நான் ஆம்பூர்ப் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு ஷூ தொழிற்சாலையில் சேர்ந்து, மெல்ல மெல்ல சேம்பிள் ரூமுக்குப் பொறுப்பாளன் ஆனேன். புதிய ஷூ எதுவானாலும் முதலில் அங்கேதான் செய்வோம். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஆயிரக்கணக்கில் தைப்பது. முதல் ஷூவை ஆண்களுக்கு எப்போதும் ஐரோப்பியக் கணக்கில் நாற்பத்திரண்டாம் அளவில்தான் செய்வோம். அதை ஒரு மனிதன் காலில் போட்டு நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த மனிதனின் கால் நாற்பத்திரண்டுக்குக் கொஞ்சமும் கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும்.

அவன் அப்போது குடியாத்தத்தில் இருந்தான். நெசவுக் குடும்பத்தில் பெண் எடுத்து, மாமனாரின் லுங்கிக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் கதையடித்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தான். நான்தான் எங்கள் தொழிற்சாலைக்குக் கூட்டிவந்தேன், குமாஸ்தா வேலைக்கு. ஒருநாள் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வந்திருந்தார். வேடிக்கையாக எல்லோர் காலையும் அளந்தார். இவன் காலை அளந்தவர் இரும்பு அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்து அளந்தார். நீளம், சுற்றளவு, உள்வளைவு, எல்லாம் புத்தகத்தில் போட்ட மாதிரி இருந்தன.

"இன்னா சீனியர், எதுனா நோயா?" என்று கேட்டான்.

"இல்லடா. நீதான் இனிமே எங்க நாப்பத்திரெண்டு."

இருபது வருடத்துக்கும் மேல் அதுதான் அவன் வேலை. காலையில் ஒரு ஷூ, மதியம் ஒரு ஷூ. தோல் வெட்டும் இடத்திலிருந்து கிளம்பி, தையல் மிஷின்களின் நடுவே போய், படிக்கட்டு ஏறி இறங்கி, வாசல் வேப்பமரத்தைச் சுற்றி வர வேண்டும். இருபது சுற்று. பெண்கள் வரிசையாகத் தைத்துக்கொண்டிருக்கும் ஹாலில் அவன் நுழையும்போது மிஷின் சத்தம் தானாகக் குறையும். எந்த நாட்டுக்குப் போகிற ஷூவோ அந்த நாட்டுக்காரர் மாதிரி நடப்பான். ஒருவர் வயிற்றைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் பஸ்ஸை விட்டவர் மாதிரி, ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு. இல்லாத நாயைத் திட்டவும் செய்வான். "தே, அங்க மோந்து பாக்காத, சூப்பர்வைசரு நிக்கிறாரு."

பிறகு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து தீர்ப்பு சொல்வான்.

"இது ஷூ இல்ல சீனியர், மாமியாரு. குதிகால புடிச்சிக்கினு விடமாட்டேங்குது."

"எந்த இடத்துல?"

"வெளிப்பக்கம். அரை விரல் மேல."

அந்த இடத்தில் கட்டைமேல் தோல் துண்டு ஒட்டி மேடாக்குவோம். காலின் வடிவத்தில் செய்த கட்டை. அதன்மேல்தான் தோலை இழுத்து ஷூவாக்குவது. திரும்பச் செய்து கொடுப்போம். அப்போதும் வேண்டாம் என்பான். எனக்குப் பேஜாராக இருக்கும். மேலே இருப்பவர்கள் தேதியைச் சொல்லி என்னை நெருக்குவார்கள். அவனை யாரும் நெருக்க முடியாது. வாங்குகிறவர்கள் அவன் கையெழுத்தைத்தான் நம்பினார்கள்.

அந்த வருடங்களை நினைத்தால் ஒரு நீண்ட மதியமாகத்தான் தோன்றுகிறது. மேலே ஓடு, அதில் இரண்டு கண்ணாடி. அவற்றின் வழியாக வெளிச்சம் தூணாக இறங்கும். தோல் தூசி அதில் மிதக்கும். அந்தத் தூணுக்குள் அவன் வருவான், மறைவான், மறுபடி வருவான். எத்தனை சுற்று என்று எண்ணுவதை நான் விட்டுவிடுவேன். அவன் எப்போதும் நடந்துகொண்டே இருப்பான் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஒரு பழுப்பு நிற ஷூ. இருபது சுற்றும் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தான். "ராஜா மாதிரி இருக்குது சீனியர்" என்றான். ஷூவைக் கழற்றினான். சாக்ஸின் குதிகாலில் ரத்தம்.

கட்டையில் உள் அட்டையைப் பொருத்தும்போது சின்ன ஆணி அடிப்பார்கள். பிறகு அதைப் பிடுங்கிவிட வேண்டும். இந்த ஷூவில் ஒரு ஆணியைப் பிடுங்க மறந்திருந்தார்கள். அது அவன் குதிகாலுக்குள் போயிருந்தது. அதோடுதான் இருபது சுற்றும் நடந்திருக்கிறான், படி ஏறியிருக்கிறான், நாயைத் திட்டியிருக்கிறான்.

சேம்பிள் ரூமில் இருந்த நாலைந்து பேரும் அசந்துபோனார்கள். அவன் காலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். "வெறுங்காலுல ஓடுன கால்டா இது. மாட்டுத்தோலவிட கெட்டி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. கடைசிக் காலத்தில் அடுப்புக் கங்கை மிதித்துவிட்டு, யாரோ எதையோ தீய்க்கிறார்கள் என்று சொன்னவர் அவர். கால் மரத்துப்போவது எனக்குத் தெரியும். மரத்த காலில் ஒரு சின்னப் புண் வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கடுகளவு முடிச்சைக் கண்டுபிடித்த கால் இது.

"இன்னா சீனியர், பேயப் பாத்த மாதிரி பாக்குற?"

"ஒண்ணுமில்ல. மருந்து போட்டுக்கோ."

மேஜைமேல் படிவம் இருந்தது. அணிந்து பார்த்தவர் கையெழுத்து என்று கீழே ஒரு கோடு. அந்த வாரமே சேம்பிள் விமானத்தில் போக வேண்டும். நான் பேனாவின் மூடியைத் திறந்து அவனிடம் நீட்டினேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

அப்போது கேட்டிருக்கலாம். உனக்குக் கால்ல உணர்ச்சி இருக்குதாடா என்று நான்கே சொற்கள். கேட்டால் அவன் இல்லை என்பான். இல்லை என்றால் வேறொரு கால் தேட வேண்டும், வாங்குகிறவர்களிடம் சொல்ல வேண்டும், அதுவரை அவன் கையெழுத்திட்ட எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் அந்த ஒரு நொடியிலேயே நான் யோசித்துவிட்டேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அதற்குப் பிறகு அவன் எந்த ஷூவையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் நன்றாக இருந்தது. எல்லாம் ராஜா. கட்டையைத் திருத்தும் வேலை போயிற்று. தேதிகள் தவறவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். விற்ற இடத்திலிருந்து விரல் கடிக்கிறது, குதிகால் உரசுகிறது என்று புகார்கள் வந்தபோது, அந்தத் தோல் நீளவில்லை, குளிர்காலத்தில் இறுகிவிட்டது என்று வேதியியல் படித்தவன் எழுத வேண்டிய பதிலை எழுதினேன். நம்பினார்கள். சில நாட்களில் நானே நம்பினேன்.

அவன் முன்னைவிட அதிகமாகக் கூத்தடித்தான். இருபது சுற்று என்றால் முப்பது நடந்தான். தைக்கிற பெண்களில் வயதானவர் ஒருவர் என்னிடம் வந்து, "சார், அவரு இப்ப காலப் பாத்துப் பாத்து வெக்கிறாரு. முன்ன அப்பிடி நடக்கமாட்டாரே" என்றார். "வயசாவுதில்ல?" என்றேன்.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. பிறகு முன்பக்கம் கூர்ந்த ஒரு ஷூ வந்தது. ஒரு வாரம் அதையே போட்டு நடந்தான். சுண்டு விரலில் கொப்புளம் வந்து உடைந்திருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. ஐப்பசி மழை. ஈர சாக்ஸோடு ஷூவுக்குள்ளேயே இருந்த கால். புண் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

வேறு ஊராக இருந்திருந்தால் வாடையை வைத்தே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். அவன் தினமும் குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு வழியாக வந்து போகிறவன். பேரணாம்பட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தோல் பதனிடும் ஷாப்புகள். பச்சைத் தோலின் வாடை சட்டையில் ஏறி வீடுவரை கூடவே வரும். மழைக்காலத்தில் ஜாஸ்தி. எங்கள் பக்கத்தில் அந்த வாடை வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டு வெகு காலமாகிறது. அவன் மனைவிக்கும் அப்படித்தான். காய்ச்சலில் அவன் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்திருக்கிறாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. சர்க்கரை, காலை எடுக்க வேண்டும் என்றார்கள். கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றிருந்தேன்.

"எவ்வளவு நாளா கால்ல உணர்ச்சி இல்ல?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு வருசம் இருக்கும் டாக்டர்" என்றான். என்னைப் பார்க்கவில்லை. பிறகு சிரித்தான். "எடுக்கிறதுதான் எடுக்கிறீங்க, பத்திரமா வெச்சிக்குங்க. நாப்பத்திரெண்டாம் அளவு. ஃபாரின்ல இருந்து கேட்டு வருவாங்க."

அவனுக்கும் தெரிந்திருந்தது. ஆணிக்கு முன்பே தெரிந்திருந்தது.

பதினோரு வருடம் செயற்கைக் காலோடு இருந்தான். வேலை போனது. நானும் ஓய்வு பெற்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பஸ் ஏறிக் குடியாத்தம் போவேன். பையன்களும் பெண்களும் ஓடிப் பழகும் மைதானத்தின் ஓரம் சிமெண்டு பெஞ்சில் இரண்டு பேரும் உட்காருவோம். அவன் செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு பேண்ட்டை மடித்துக் குத்திக்கொள்வான். பனி இன்னும் தரையோடு கிடக்கும். ஓடுகிறவர்கள் இடுப்பிலிருந்துதான் தெரிவார்கள்; காலில்லாமல் மிதந்து போகிற மாதிரி இருக்கும்.

போன கால் இன்னும் இருப்பதாக அவனுக்குத் தோன்றுமாம். மரத்துப்போயிருந்த இரண்டு வருடம் ஒன்றும் தெரியாத கால், எடுத்த பிறகு எல்லாவற்றையும் உணர்ந்தது. "கட்டைவெரலு நடுவுல மணலு மாட்டிக்கினு இருக்குது சீனியர்" என்பான். இன்னொரு நாள், "ஈரச் சாக்கு மேல வெச்ச மாதிரி ஜில்லுனு இருக்குது" என்பான். சில நாள் வெந்நீர் ஊற்றின மாதிரி எரிகிறது என்று பேச்சை நிறுத்திவிடுவான். நான் அந்த வெற்றிடத்தை, மடித்துக் குத்திய பேண்ட்டுக்குக் கீழே இருந்த காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை குனிந்து, அங்கே கால் இருப்பதுபோல, கையால் தேய்த்துவிட்டேன். "கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றான். விளையாட்டா உண்மையா என்று இன்றும் தெரியாது.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொன்னேன். ஆணி குத்திய அன்றே எனக்குத் தெரியும், தெரிந்தும் பேனாவை நீட்டினேன் என்று.

அவன் ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தெரியும். உன் மூஞ்சியிலயே தெரிஞ்சிது."

"அப்ப ஏண்டா நீ சொல்லல?"

"சொன்னா நான் யாரு சீனியர்? திரும்ப அட்டப்பொட்டி எண்ணுற குமாஸ்தா. அந்த ஹால்ல நடக்கிறதுதான் எனக்கு இருந்த ஒரே ட்ராக்கு." பிறகு, "ஆனா நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவ கையெழுத்துப் போடறப்பவும், இன்னிக்குக் கேப்பான், இன்னிக்குக் கேப்பான்னு பாத்தேன்" என்றான்.

கிளம்பும்போது, "வீட்டுல நான் சொல்லமாட்டேன். சொல்லணும்னா நீயே சொல்லிக்கோ" என்றான். நான் சொல்லவில்லை. எட்டு வருடம் அந்த வீட்டில் காபி குடித்தேன்.

போன வருடம் தூக்கத்திலேயே அவன் இதயம் நின்றுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அவன் மனைவியைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பழகியவள் அவள். குரலை உயர்த்தாமலே பேசுவாள்.

"ஒண்ணு சொல்றேண்ணா, யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றாள். "அந்த மழையில பத்து நாளா வீட்டுல வாட வந்துது. அவரு சட்டைல வர்ற தோல் ஷாப்பு வாடன்னே நெனச்சேன். சட்டையத்தான் திரும்பத் திரும்பத் தொவச்சேன். காலப் பாக்கல. நான்தான் அந்தக் காலப் போக்கிட்டேன்."

பதினோரு வருடமாக அவள் அதைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவனிடம்கூடச் சொன்னதில்லை.

நான் சொன்னேன். ஆணி, ரத்தம், அப்பா, பேனா, புகார்களுக்கு எழுதிய பதில், மைதானத்து பெஞ்சு. ஒன்றும் விடவில்லை. "பத்து நாளைக்கு முன்னாடி இல்லம்மா. ஒன்றரை வருசத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். மின்சாரம் போய்த் தறி நின்றது.

"அவருக்கும் தெரியுமா? நீங்க அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எங்கிட்ட மட்டும் சொல்லல."

"ஆமா."

"அவரு இருக்கிறப்பவே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ரெண்டு பேரும் சேந்து உங்களத் திட்டியிருப்போம்ணா. பேனாவ நீட்டிக்கினு நீங்க எப்பிடி முழிச்சீங்கன்னு அவரு நடிச்சுக் காட்டியிருப்பாரு. நான் வாடைக்குச் சட்டையத் தொவச்சதையும் நடிச்சுக் காட்டியிருப்பாரு. நாங்க அழுதுக்கினே சிரிச்சிருப்போம். அதையும் இல்லாமப் பண்ணிட்டீங்களே. இப்ப நான் தனியா இன்னான்னு திட்டறது?"

நான் கிளம்பலாமா என்று எழுந்தேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் முக்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து என்னைத் திட்டத் தொடங்கினாள்.